வலப்பக்கம் ஐந்து நிமிடம்

டாக்டர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். திரையில் என் முதுகெலும்பின் ஸ்கேன் படம். கீழே இரண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் வட்டு ஒன்று பின்பக்கமாகப் பிதுங்கி, வலது காலுக்குப் போகும் நரம்பைத் தொட்டுக்கொண்டிருப்பதைப் பேனா முனையால் காட்டினார். ஆபரேஷன் தேவையில்லை, மாத்திரையும் பிசியோவும் போதும், ஆறு வாரத்தில் பாதி வலி குறைந்துவிடும் என்றார். நானும் கணவரும் நன்றி சொல்லி எழுந்துகொண்டோம். அப்போதுதான், சொல்ல மறந்த ஒன்று நினைவுக்கு வந்தவர் போல, எங்களை நிறுத்தினார். சிறுநீர் போவதே தெரியாமல் போனாலோ, உட்காரும் இடத்தில் தொட்டால் உணர்வில்லாமல் மரத்துவிட்டாலோ, மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது, உடனே எமர்ஜென்சிக்கு வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த உணர்வு திரும்பாமலே போகலாம். ரொம்ப அரிதாகத்தான் அப்படி நடக்கும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்த 'அரிது' மட்டும் என் காதில் விழவில்லை.

அப்போது எனக்கு ஐம்பது வயது. சிங்கப்பூரில் தேக்கா பக்கத்தில் ஒரு பல் கிளினிக்கில் இருபத்திரண்டு வருடமாக உதவியாளர். நோயாளிக்கு வலப்பக்கம் பல் டாக்டர் உட்காருவார், இடப்பக்கம் நான். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு, இடுப்புக்கு மேலே உடம்பை இடதுபுறம் முறுக்கி, திறந்த வாய்க்குள் எட்டிப் பார்த்தபடி ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கீழே விழுந்த பஞ்சை எடுக்கக் குனிந்தேன். இடுப்பில் யாரோ கொள்ளிக்கட்டையை வைத்து அழுத்தியது போல இருந்தது. அந்தச் சூடு வலது தொடையின் பின்புறமாக இறங்கிப் பெருவிரல் வரை ஓடியது. நிமிர முடியவில்லை. நோயாளி வாயைத் திறந்தபடியே படுத்திருக்க, டாக்டர் என்னைப் பிடித்துத் தரையில் கிடத்தினார்.

வலி பாதியாகக் குறைந்தது உண்மைதான். பயம் அப்படிக் குறையவில்லை. காலையில் கண் விழித்ததும் போர்வைக்குள் கையை விட்டு உள்தொடையைக் கிள்ளிப் பார்ப்பேன். வலித்தால் நிம்மதி. பிறகு கழிவறையில் உட்கார்ந்து, சிறுநீர் போவது தெரிகிறதா என்று காதையும் உடம்பையும் தீட்டிக்கொண்டு கவனிப்பேன். தெரிந்தால் அன்றைய காலை தப்பித்தது. மதியம் மறுபடி சந்தேகம் வரும். கிளினிக்கின் கழிவறைக் கதவைத் தாழிட்டுவிட்டு மறுபடி கிள்ளுவேன். தொடையில் அங்கங்கே கன்றிப்போயிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. தொழுகையை நாற்காலிக்கு மாற்றிக்கொண்டேன். நெற்றியைத் தரையில் வைக்கும் நேரத்தில் உள்ளே ஏதாவது பிதுங்கிவிட்டால்? அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காததால் குனிவதையே விட்டுவிட்டேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. உட்லண்ட்ஸில் பத்தாவது மாடி வீட்டில் நானும் அவரும்தான். அவர் லிப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறார், அப்போது ஐம்பத்தாறு வயது. நான் படுத்த படுக்கையாகிவிட்டால் என்னைத் தூக்கிக் குளிப்பாட்ட அவரை விட்டால் ஆள் கிடையாது. அவர் சோபாவில் உட்கார்ந்து செய்தி பார்க்கும்போது, அவருடைய மெலிந்த கைகளைப் பார்த்து நான் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். இந்தக் கைகளால் முடியுமா, எத்தனை வருடம் முடியும் என்று.

யோகா ஆசிரியையைக் கிளினிக்கில்தான் சந்தித்தேன். பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொள்ள வந்தவர். சேலத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். வாரநாட்களில் கம்ப்யூட்டர் வேலை, சனிக்கிழமைகளில் யோகா வகுப்பு. ஊசி போடும்போது என் கையை அவர் இறுக்கிய இறுக்கலில் மோதிரத்தின் தடம் விரலில் பதிந்துவிட்டது. மூன்றாவது முறை வந்தபோது, சிகிச்சை முடிந்து, மரத்த உதட்டோடு குழறிக் குழறிக் கேட்டார்.

"அக்கா, உங்களுக்கு முதுகு வலியா? கீழ விழுந்த டிஷ்யூவ நீங்க குனிஞ்சு எடுக்கவே இல்ல. கால்ல ஓரமாத் தள்ளிவிட்டீங்க."

சொன்னேன். டாக்டர் சொன்ன அந்தக் கடைசி எச்சரிக்கையைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். தான் கற்றுக்கொடுப்பது யின் யோகா என்றார் அவர். வேகமில்லை, வியர்வையில்லை. தரையில் படுத்தோ உட்கார்ந்தோ ஒரு நிலைக்குப் போய், தசையைத் தளர்த்திவிட்டு, மூன்று நிமிடமோ ஐந்து நிமிடமோ அப்படியே இருக்க வேண்டும்.

"மந்திரம் ஏதாச்சும் சொல்லணுமா? நாங்க தொழுவுறவங்க."

"ஒண்ணும் கிடையாதுக்கா. படுக்கணும், மூச்சு விடணும், அவ்வளவுதான். ஆனா முதல்ல உங்க பிசியோகிட்ட கேளுங்க. எது செய்யலாம், எது கூடாதுன்னு எழுதி வாங்கிட்டு வாங்க."

பிசியோ எழுதிக் கொடுத்தார். முன்னால் மடங்கிக் குனியும் நிலைகள் இப்போதைக்கு வேண்டாம். பின்னால் வளைவது நல்லது, மெதுவாக. லேசான முறுக்கல் பரவாயில்லை, வலி காலுக்கு இறங்கினால் நிறுத்த வேண்டும். அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், கடைவீடு ஒன்றின் மாடியில் வகுப்பு. கீழே கைப்பேசிக் கடை. செங்குத்தான மரப்படிகளில் ஏறிப் போக வேண்டும். முதல் நாள் அந்தப் படிகளைப் பார்த்தபோதே திரும்பிவிடலாமா என்றிருந்தது. மேலே நீளமான அறை, பச்சை மரச் சன்னல்கள், எட்டுப் பத்துப் பெண்கள். சனிக்கிழமை மூன்று மணிக்கு வகுப்பு ஆரம்பித்தால் நாலரைக்கு முடியும். கீழே கடையில் பாட்டு ஓடும், லாரி பின்வாங்கும் சத்தம் கேட்கும், வடை பொரியும் வாசனை வரும். நாங்கள் அசையாமல் படுத்திருப்போம்.

அசையாமல் இருப்பது எனக்கு ஓய்வாக இல்லை. வேலையில் இருக்கும்போது பயம் பக்கத்து அறையில் இருக்கும். பாயில் படுத்ததும் வந்து என் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கால் விரலில் ஒரு துடிப்பு வந்தால் போதும், அதன் பின்னாலேயே மனம் ஓடும். இருந்தாலும் இரண்டு மாதம் விடாமல் போனேன். முதுகுக்குக் கீழே மடித்த போர்வையை வைத்து மல்லாந்து கிடப்பது, சுவரில் காலைச் சாய்த்துப் படுப்பது, முழங்கையை ஊன்றிக் குப்புறப் படுத்து நெஞ்சை உயர்த்துவது என்று ஆசிரியை எனக்கு மட்டும் தனியாகச் சொல்லிக்கொடுப்பார். மற்றவர்கள் செய்வதில் பாதியை என்னிடம் வேண்டாமென்பார். அது எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றாவது மாதம் ஒரு சனிக்கிழமை, மல்லாந்து சாய்ந்தபடி பின்னால் வளைந்து முறுக்கும் நிலை ஒன்றைக் காட்டினார். பூனை தன் வாலை இழுக்கும் நிலை என்று அதற்குப் பெயராம். எல்லோரும் சிரித்தார்கள். வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, மேலே இருக்கும் இடது காலை முன்னால் நீட்ட வேண்டும். கீழே இருக்கும் வலது காலை மடக்கிக் குதிகாலைப் பின்னால் கொண்டுவர வேண்டும். இடது கையைப் பின்னால் விட்டு அந்த வலது பாதத்தைப் பிடித்துக்கொண்டு, தோளை மெதுவாகத் தரைப் பக்கம் சாய்த்துப் படுத்துவிட வேண்டும். தொடையின் முன்பக்கம் இழுபடும், இடுப்பு முறுகும், முதுகு பின்னால் வளையும்.

"அக்கா, நீங்க விரும்பினா மட்டும் செய்யுங்க. பாதத்தப் பிடிக்க வேணாம், சும்மா மடக்கி வச்சாலே போதும். முதுகுக்குப் பின்னால தலகாணி வைக்கிறேன், அதுல சாஞ்சுக்குங்க."

பிசியோ சொன்ன எல்லைக்குள்தான் இருந்தது. எனக்கும் அன்றைக்கு ஒரு தைரியம். ஒரு வாரமாக வலியே இல்லை. படுத்தேன். காலை மடக்கினேன். பாதம் கைக்கு எட்டியபோது எனக்கே ஆச்சரியம். பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தேன். பல வருடங்களாக ஒரே பக்கம் முறுகிக் கிடந்த உடம்பு ஒவ்வொரு முடிச்சாக அவிழ்வது போலத்தான் முதலில் இருந்தது. விட்டத்தில் மின்விசிறி மெல்லச் சுற்றியது. ஆசிரியை ஐந்து நிமிடத்துக்குக் கடிகாரத்தை வைத்தார்.

இரண்டு நிமிடம் போயிருக்கும். வலது தொடையில் எறும்பு ஊர்வது போல இருந்தது. பிறகு எறும்பும் இல்லை. அந்த இடமே இல்லை.

அந்தக் கணத்தை எப்படிச் சொல்வது?  இதோ வந்துவிட்டது, இத்தனை நாள் எதைத் தேடித் தேடிக் கிள்ளினேனோ அது வந்துவிட்டது என்று ஒரு குரல் மிகத் தெளிவாகச் சொன்னது. எழுந்தால் இன்னும் கொஞ்சம் பிதுங்கிவிடும், எழாவிட்டால் நரம்பு செத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் நான் ஒரு பாதத்தைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். பிடியை விடக் கை வரவில்லை. பக்கத்துப் பாயில் ஒரு பெண் கண்ணை மூடிப் புன்னகையோடு படுத்திருந்தாள். ஆசிரியை மூன்றே அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். "டீச்சர்" என்று ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. இத்தனை பேர் அமைதியாகப் படுத்திருக்கும்போது நான் மட்டும் எப்படிக் கூப்பிடுவது என்று நினைத்தேன். உயிர் போகிற நேரத்திலும் அந்தக் கூச்சம் இருந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மீதி மூன்று நிமிடமும் அப்படியே கிடந்தேன்.

மணி அடித்ததும் பிடியை விட்டு உருண்டு கையை ஊன்றி எழுந்தேன். கால் நின்றது, ஆனால் தொடையை அறைந்தால் வேறு யாருடைய தொடையையோ அறைவது போல இருந்தது. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். உட்கார்ந்தேன். ஒரு சொட்டும் வரவில்லை. வகுப்புக்கு முன்னால்தான் போய்விட்டு வந்தேன் என்பதே நினைவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, அல்லாஹ்வை அழைத்துக்கொண்டே காத்திருந்தேன். ஆசிரியை கதவைத் தட்டினார்.

"அக்கா? என்னாச்சு? கதவத் திறங்க அக்கா."

திறந்தபோது என் முகத்தைப் பார்த்து அவருடைய முகம் வெளிறிப்போனது. அவர் என்னைப் படிகளில் இறக்க, நான் கணவருக்குப் போன் செய்தேன். ஆசிரியை என்னை டாக்சியில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். அரைமணி நேரத்தில் கணவரும் வாசலில் வந்து நின்றார், வேலை உடுப்போடு.

எமர்ஜென்சியில் என்னைப் பார்த்தது ஒரு தமிழ் டாக்டர், சின்னப் பெண். திரையை இழுத்துவிட்டு, சோதிக்க வேண்டிய இடங்களையெல்லாம் பொறுமையாகச் சோதித்தாள். ஊசி முனையா பஞ்சா என்று கேட்டுக் கேட்டுத் தொட்டாள். எல்லாம் சரியாகச் சொன்னேன். கால் விரல்களை அவள் கைக்கு எதிராகத் தள்ளச் சொன்னாள். தள்ளினேன்.

"எக்ஸாக்ட்லி எங்க மரத்துப் போச்சு ஆன்ட்டி? கையால காட்டுங்க."

தொடையின் வெளிப்பக்கம். உள்ளங்கை அளவு. காட்டிய பிறகுதான் எனக்கே அதன் அளவு தெரிந்தது. அறை முழுவதையும் விழுங்கிய ஒன்று ஒரு உள்ளங்கைக்குள் அடங்கியிருந்தது.

"அந்த போஸ் எப்படி? பெட்ல படுத்துக் காட்டுறீங்களா?"

"வேணாம்மா. இன்னொரு தடவ செய்ய மாட்டேன்."

"ஓகே ஓகே, செய்ய வேணாம். வாயால சொல்லுங்க."

சொன்னேன். இடுப்பெலும்பின் ஓரத்தில் அவள் கட்டை விரலால் அழுத்தினாள். தொடையில் அதே எறும்பு ஊர்ந்தது.

"இதான் ஆன்ட்டி. இது தோலுக்கு மட்டும் போற நரம்பு. உங்க டிஸ்க்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அது மேலயே படுத்து, காலப் பின்னாலயும் இழுத்திருக்கீங்க. லெகிங்ஸ் வேற இடுப்புல டைட்டா இருக்கு. சம்மணம் போட்டு உக்காந்தா கால் மரத்துப் போகும்ல, அந்த மாதிரிதான். கொஞ்ச நேரத்துல சரியாயிடும்."

திரைக்கு வெளியே நின்ற என் கணவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்சியில் ஏறியதும் சொன்னார்.

"போதும்லா. இனிமே அந்தக் கிளாஸுக்குப் போவ வேணாம்."

"போவலங்க" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகு பயம் போய்விடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எனக்கு அப்படி நடக்கவில்லை. இத்தனை நாள் உள்தொடையை மட்டும் சோதித்துக்கொண்டிருந்தவள் இப்போது வெளித்தொடையையும் சேர்த்துக்கொண்டேன். வகுப்பை நிறுத்தியதோடு பிசியோ கொடுத்த பயிற்சிகளையும் நிறுத்தினேன். எம்ஆர்டி ரயில் நிலையத்து எஸ்கலேட்டரில் கால் வைக்கப் பயந்து லிப்டைத் தேடிச் சுற்றிப் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் படுத்தே கிடந்தேன். ஒரு மாதத்தில் வலி திரும்பி வந்தது. பிசியோ என் முதுகில் கை வைத்துப் பார்த்துவிட்டு, பயத்தில் பலகை மாதிரி இறுக்கி வைத்திருக்கிறீர்கள், இப்படி இருந்தால் வலிக்காமல் என்ன செய்யும் என்றார். பயத்தை விடச் சொன்னார். எப்படி விடுவதென்று அவர் சொல்லவில்லை.

அந்த நாட்களில்தான் கடைவாய்ப் பல் பிடுங்க ஒருவர் வந்தார். கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை, புதுக்கோட்டைப் பக்கம். மலை மாதிரி உடம்பு. நாற்காலியைச் சாய்த்ததும் அவருடைய முழங்கால்கள் தடதடவென்று ஆடின. வழக்கமாக நான் சொல்வது ஒன்றுதான்: "ஒண்ணும் ஆகாதுங்க." இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு வாய் வரை வந்தது, சொல்லப் பிடிக்கவில்லை. எனக்கு அதைச் சொன்னவர்கள் யாருமே எனக்கு உதவவில்லை.

"பயமாத்தான் இருக்கும். எப்ப முடியலையோ இந்தக் கையத் தூக்குங்க. டாக்டர் உடனே நிறுத்திடுவாரு. நான் உங்க கையத்தான் பாத்துக்கிட்டிருப்பேன்."

"நெசமாவா அக்கா?"

"நெசமாத்தான்."

இரண்டு முறை தூக்கினார். இரண்டு முறையும் டாக்டர் நிறுத்தினார். மூன்றாவது முறை பல் வந்துவிட்டது. முழங்கால் கடைசி வரை ஆடிக்கொண்டுதான் இருந்தது.

அவர் போன பிறகு கருவிகளைக் கழுவிக்கொண்டே நின்றேன். அந்த ஐந்து நிமிடத்தில் நான் ஏன் கையைத் தூக்கவில்லை? பாதத்தைப் பிடித்திருந்த கை என்னுடையதுதானே? மாலையில் ஆசிரியைக்குப் போன் செய்தேன். நான் பேச்சை ஆரம்பிப்பதற்குள்ளேயே அவர் அழுதுவிட்டார்.

"நான் உங்களப் பாத்துக்கிட்டே இருந்திருக்கணும்கா. அசையாம படுத்திருந்தீங்க, நல்லா இருக்கீங்கன்னு நெனச்சிட்டேன். அதுக்கப்புறம் அந்தப் போஸ யாருக்குமே சொல்லித்தர எனக்கு மனசு வரல."

"எனக்குச் சொல்லிக் கொடுங்கம்மா. நான் கையத் தூக்குனா பக்கத்துல வரணும். அது மட்டும் போதும்."

கணவரிடம் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் மிச்சமிருந்த சோற்றை முழுதும் சாப்பிட்டு முடித்தார். பிறகு, "சனிக்கிழம எனக்கும் தேக்காவுல வேல இருக்கு. ஆட்டெறச்சி வாங்கணும். சேந்தே போவலாம்" என்றார்.

முதல் சனிக்கிழமை பாதத்தைப் பிடிக்கவில்லை. தளர்ந்த கால்சட்டை போட்டிருந்தேன். இடுப்புக்குக் கீழே போர்வையை மடித்து வைத்து, ஒரே நிமிடம். நாற்பது விநாடியில் கையைத் தூக்கினேன். ஆசிரியை வந்து தோளைத் தாங்கினார், எழுந்துகொண்டேன். அடுத்த வாரம் ஒரு நிமிடம் தாண்டியது. எதுவும் மரக்கவில்லை, ஆனால் மரக்கப் போகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே நெஞ்சு அடித்துக்கொண்டது. மூன்றாவது வாரம் நான் அந்த நிலையில் சாய்ந்திருக்கும்போது, தாமதமாக வந்த ஒரு பெண் கதவைத் திறந்தாள். கதவு கொஞ்சம் திறந்தபடியே நின்றது. வெளியே மேல்படியில் யாரோ எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சட்டையைப் பார்த்தேன். காலையில் நான் தேய்த்துக் கொடுத்த சட்டை.  

நான் கையைத் தூக்கினேன். எழுந்து வெளியே போனேன். அவர் மடியில் என் ஸ்கேன் படங்கள் இருக்கும் நீல ஃபைல், கையில் கைப்பேசி, திரையில் டாக்சி கூப்பிடும் ஆப்.

"என்னங்க இது? எறச்சி வாங்கப் போவலியா?"

அவர் திடுக்கிட்டு எழுந்தார். "கீழ வெயிலா இருந்துச்சு. அதான்..."

"மூணு வாரமாவா?"

 ஃபைலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார், சின்னப் பிள்ளை மாதிரி.

"டாக்டர் அன்னிக்கு சொன்னத நானும்தானே கேட்டேன்" என்றார் கடைசியில். "நீ காலையில பாத்ரூமுக்குப் போனா தண்ணி ஊத்துற சத்தம் வர்ற வரைக்கும் நான் மூச்சுகூட விட மாட்டேன். தூங்குற மாதிரி படுத்திருப்பேன். உனக்கு ஒண்ணுன்னா நான் என்ன செய்வேன், சொல்லு."

இத்தனை மாதமாக நான் அவருக்குத் தெரியாமல் பயந்துகொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் எனக்குத் தெரியாமல் பயந்துகொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்ததா கோபம் வந்ததா என்று தெரியவில்லை. தொடையைக் கிள்ளிக்கொள்வதை அன்றைக்கு அந்தப் படியிலேயே உட்கார்ந்து அவரிடம் சொன்னேன். எத்தனை முறை, எங்கெங்கே என்று எல்லாவற்றையும். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆசிரியை கதவருகில் வந்து நின்றார்.

"அண்ணே, வெளிய எதுக்கு? உள்ள வந்து உக்காருங்க. சன்னல் பக்கம் நாற்காலி போடுறேன்."

"பொம்பளைங்க இருக்குற எடம்மா."

"சன்னல் பக்கம் திரும்பி உக்காருங்க. கடைத்தெருவப் பாருங்க. அக்கா இங்க இருக்காங்கன்னு தெரிஞ்சாப் போதும்ல?"

அப்படித்தான் உட்கார்ந்தார், ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு. மற்ற பெண்கள் அவரவர் பாயில் படுத்துக்கொண்டார்கள். அடுத்த வாரத்திலிருந்து அவர் வரும்போதே ஒருத்தி நாற்காலியை எடுத்துப் போட்டுவிடுவாள்.

இதெல்லாம் நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. வட்டு இன்னும் பிதுங்கியேதான் இருக்கிறது, வலி வருகிறது, போகிறது. வலப்பக்கம் ஐந்து நிமிடத்தை எட்ட எனக்கு நாலு மாதமானது. சில வாரம் இரண்டிலேயே எழுந்துவிடுவேன். கிள்ளுவது காலையில் ஒரு தடவையாகக் குறைந்திருக்கிறது, சில நாள் அதையும் மறந்துவிடுகிறேன். மறந்தது மதியம் நினைவுக்கு வந்தால் உடம்பு ஒரு கணம் சில்லிடும். நாற்காலியை எடுத்து வைத்துவிட்டுத் தரையில் தொழுகிறேன், மெதுவாக.

போன சனிக்கிழமை நல்ல மழை. நாலு பேர்தான் வந்திருந்தோம். பூனையின் வாலைப் பிடித்துச் சாய்ந்திருந்தபோது, மூன்றாவது நிமிடத்தில் வெளித்தொடையில் அந்த எறும்பு ஊர்ந்தது. நெஞ்சு எழும்பி அடித்தது. கையைத் தூக்கலாம் என்று நினைத்தேன், தூக்கவில்லை. எதுவரை போகிறதென்று பார்ப்போம் என்றிருந்தது. உள்ளங்கை அளவுக்குப் படர்ந்து நின்றுவிட்டது. சன்னலோரம் அவருடைய முதுகு தெரிந்தது. மணி அடிக்கும் முன்பே நானாகவே பிடியை விட்டு எழுந்து, தொடையைத் தேய்த்துக்கொண்டேன். உணர்வு திரும்பியது.

பேருந்து நிறுத்தத்துக்கு ஒரே குடையில் நடந்தோம். தெரு முழுக்கத் தண்ணீர்.

"இன்னிக்கு எப்படி?" என்றார்.

"மரத்துப் போச்சு. பயந்துட்டேன்."

"நெனச்சேன். மூச்சு சத்தம் மாறுச்சு."

"திரும்பிப் பாக்கலியே நீங்க?"

"பாக்கணும்போலதான் இருந்துச்சு" என்று சொல்லி, குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.